விது வாசிச்ச கண்ணாடி

வாங்க, எல்லாரும் சுகந்தானே? இந்த மழைக்கு சளி, காய்ச்சல்னு யாரும் படுத்துக்கலியே? சரி, கேளுங்க.

"இந்தப் பென் டிரைவ்ல வேற படம் போட்டுத் தாங்க தம்பி. போன தடவ தந்ததெல்லாம் பார்த்து முடிச்சிட்டேன்."

கஹவத்தை பஸ் ஸ்டான்டுக்குப் பின்னால சுரேந்திரனோட கடை. முன்னுக்கு போன் ரிப்பேர், பின்னுக்குப் பலகை அடிச்சு மறைச்சு கிட்டார் கிளாஸ். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நனைஞ்ச குடையோட நின்னவ புஷ்பம். தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுக்கிறவ, அரை நாள் வேலையை விட்டுட்டு பஸ் ஏறி வந்திருக்கா.

அவ மகன் விதுர்ஷன் இங்க தான் கிட்டார் படிச்சான். எட்டு மாசத்துக்கு முன்னால, இருபத்திரெண்டு வயசுல, ராத்திரி படுத்தவன் காலையில எழும்பல. நெஞ்சு நின்னு போச்சுன்னு டாக்டர் எழுதிக் குடுத்துட்டாரு. செத்த வீட்டுக்கு சுரேந்திரன் வரல. கொழும்புல வேலையாம்.

"எல்லாத்தையுமா பார்த்தீங்க?" சுரேந்திரன் சிரிச்சான். "நம்ம டவுன்லயே மெட்டல் பேண்ட் டொக்கியுமென்டரி பார்க்கிற ஒரே அம்மா நீங்க தான் ஆன்ட்டி. எது பிடிச்சிச்சு?"

"அந்த மொட்டத் தல தாத்தா. மேடையில பேய் மாதிரி கத்துறாரு, வீட்டுக்குப் போயி ஆட்டுக்குட்டிக்குப் பால் குடுக்கிறாரு. சிரிப்பு தாங்கல. அப்புறம் அழுகையும் தாங்கல. என் மகனும் அப்படித்தானே கத்துவான். வாயை மூடுடா சனியனேன்னு ஏசுவேன்."

சுரேந்திரன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிட்டான். "சரி, இந்தத் தடவ நோர்வே பேண்ட் ஒன்னு தாரேன். பனிக்குள்ள மரக்கட்டையில குந்திக்கிட்டு கதைப்பாங்க, நல்லா இருக்கும். இன்னொன்னு, பொம்பளப் புள்ளைங்க மட்டும் வாசிக்கிற பேண்ட். கேஷானிக்கும் காட்டுங்க."

கேஷானி, புஷ்பத்தோட சின்ன மக. ஓ.எல். பரீட்சை எழுதப் போறவ. மூனு மாசமா சனிக்கிழமையில இங்க தான் கிளாஸுக்கு வாறா.

"அதைக் கதைக்கத் தான் வந்தேன். அவங்க அப்பா தினம் சண்டை. இந்தப் பேய்ப் பாட்டு தான் ஒருத்தனைத் தின்னுச்சு, இவளையாவது நிப்பாட்டுன்னு. அனுப்புறதா வேணாமான்னு இன்னைக்கு நான் போயி ஒரு முடிவு சொல்லணும் தம்பி. எனக்கு இனி இருக்கிறது அவ ஒருத்தி தான்."

"பாட்டு யாரையும் தின்னாது ஆன்ட்டி. அங்கிளையும் உட்கார வச்சு ஒரு படம் காட்டுங்க, சரியாப் போயிரும்."

போனுக்கு ரீலோட் போட வந்த சிங்கள அம்மாவை, "பொட்டக் இன்ட நோனா"ன்னு வாசல்ல நிக்க வச்சுட்டு, படத்தை கொப்பி பண்ணத் தொடங்கினான்.

புஷ்பம் மடியில முடிஞ்சிருந்த லேஞ்சித் துணியை எடுத்து, கவுண்டர் மேல வச்சு மெதுவா அவிழ்த்தா. உள்ள விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய். ஒரு முனையில கோலிக்குண்டு அளவு உருண்டை.

"இது கிட்டாருக்குப் போடுற சாமான்னு விது சொல்லுவான். இதை வாசிக்கிற படம் இருந்தா ஒன்னு தாங்க தம்பி. அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்ல."

சுரேந்திரன் கை மவுஸ் மேலயே நின்னுச்சு. வாசலை ஒரு தடவ பார்த்தான். அப்புறம் லேஞ்சியோட ஓரத்தை இழுத்து அதை மூடினான்.

"இது ஸ்லைட் ஆன்ட்டி. விரல்ல மாட்டி, கம்பி மேல வச்சு இழுக்கணும். அழுகிற மாதிரி சத்தம் வரும்."

"விரல் நுழையலியே?"

"விதுவுக்கு ஒல்லி விரல் தானே."

"அடியில கருப்பு பிடிச்சிருக்கு."

"பழசானா அப்படித்தான். என்கிட்ட குடுங்க, கழுவி வைக்கிறேன்."

புஷ்பம் குடுக்கல. "இது விதுவோடது தானா? நல்லா பார்த்துச் சொல்லுங்க."

"அவனோடதே தான். அவன் பொறந்த நாளுக்கு நான் தானே வாங்கிக் குடுத்தேன். கழுத்துல நீலக் கோடு தெரியுதா? நான் எடுக்கிறது எல்லாத்துலயும் அது இருக்கும்."

"எல்லாத்துலயுமா?"

அவன் திரும்பி, படம் கொப்பி ஆகிறதைப் பார்த்தான்.

"போன தடவ நீங்க தந்த மூனாவது படம்," புஷ்பம் சொன்னா. "அதுல ஒரு பையன் இதே மாதிரி ஒன்னை வாயில வச்சு, அடியில லைட்டர் பிடிச்சு, புகையை இழுக்கிறான். அடுத்ததா அவன் அம்மா கல்லறையில நிக்கிறா. நாலு தடவ திருப்பித் திருப்பிப் போட்டேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு தானே அதையும் சேர்த்துத் தந்தீங்க? நெருப்பைப் பார்க்க இங்கிலீஷ் எதுக்கு தம்பி?"

சுரேந்திரன் கவுண்டர் மேல குனிஞ்சு குரலைக் குறைச்சான். "ஆன்ட்டி, சத்தியமா விது தான் அந்தப் போதைத் தூளைக் கேட்டான். வேணாம்னு தான் நான் சொன்னேன். போனவனைப் பத்தி இப்ப கதைச்சு என்ன வரப் போகுது?"

"செத்த வீட்டுக்கு நீங்க வரல. அதனால உங்களுக்குத் தெரியாது." புஷ்பத்தோட குரல் கொஞ்சமும் ஏறல. "கிட்டார் சாமான்னு நம்பி, விதுவோட குழாயை அவன் கையிலயே வச்சு, பெட்டியோட புதைச்சிட்டோம். இது நேத்து கேஷானியோட ஸ்கூல் பேக்ல இருந்தது."