அட்டவணைக்கு அடுத்த எண்

மார்ச் 11, செவ்வாய். நேற்று மாலை வகுப்பில் 10,22,117 பகா எண் என்று கரும்பலகையில் எழுதியது என் தவறு. பாடநூல் அட்டவணையிலுள்ள 168 பகா எண்களாலும் வகுத்து, ஒவ்வொன்றாக டிக் போட்டிருந்தேன். அட்டவணை 997-இல் முடிகிறது. நானும் அங்கேயே முடித்துவிட்டேன். பகலில் தையல் கம்பெனியில் வேலை பார்க்கும் பெனாசிர் மட்டும் எழுந்து, "1011-ஐ வர்க்கம் பண்ணினா இதைவிட நாலுதான்க்கா கூட வருது. இது கண்டிப்பா உடையும்" என்றாள். "நூத்தி அறுபத்தெட்டு தடவை வகுத்தவ நான். நீ வாயாலயே உடைச்சிருவியா?" என்றேன். வகுப்பே சிரித்தது. "எனக்கு தையல் மிஷின்தான் லாயக்கு" என்று சொல்லி, நோட்டில் போட்டிருந்த கணக்கை அழித்தாள்.

இன்று அவள் வரவில்லை. அவள் எழுத வேண்டிய தேர்வின் விண்ணப்பத்துக்கு நாளை கடைசி நாள்.

வீட்டுக்கு வந்து, 997-க்கு அடுத்த பகா எண்ணான 1009-ஆல் வகுத்தேன். மீதி இல்லை. நம்பாமல் மூன்று முறை பெருக்கிப் பார்த்தேன். 1009 × 1013. 1011-க்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. அந்த இரண்டின் வர்க்கம்தான் அவள் சொன்ன நாலு.

நாளை: காலை எட்டரைக்குள் தையல் கம்பெனி வாசலில் விண்ணப்பப் படிவத்தோடு நிற்க வேண்டும். மாலையில் கரும்பலகையில் விடையை அவள் பெயரோடு எழுத வேண்டும்.