அவன் வாசிக்காத வரி

அவள் விசையைத் தட்டினாள். கணினி பேசவில்லை.

மறுபடியும் தட்டினாள்.

அவள் கணவன் பின்னால் நின்றுகொண்டிருந்தான். அவளுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் அந்தக் குரலை நம்பித்தான் அவள் பிழைப்பே.

அதைக் கெடுத்தவன் அவன்.

காலையில் அவள் குளிக்கப் போயிருந்தாள். அவனுடைய மடிக்கணினி அலுவலகத்தில் கிடந்தது. அவசரத்துக்கு ஒரு பைத்தான் நிரல்மொழித் தொகுப்பு வேண்டியிருந்தது. அவள் கணினியில் உட்கார்ந்தான். அதில் ஓடும் லினக்ஸ் இயங்குதளம் தனக்கு வேண்டியதைத் தானே நிறுவி, தானே கணக்கும் வைத்துக்கொள்ளும். பைத்தானுக்கோ தனியாக ஒரு நிறுவி. பேச்சு நின்றுபோன ஓரகத்திகள் ஒரே அடுப்படியில் சமைப்பது மாதிரி. ஒருத்தி வைத்தது இன்னொருத்திக்குத் தெரியாது.

அவன் பைத்தான் வழியாகப் போட்டான். இது கணினியின் இடம், கை வைக்காதே என்று தடுத்தது. கட்டளையின் வாலில், உடைந்தாலும் பரவாயில்லை என்று சேர்த்தால் விட்டுவிடும். அவன் தொழிலில் பலருக்கும் அது கைப்பழக்கம்.

சேர்த்தான்.

அவன் வேலை முடிந்தது. குரலுக்கு வேண்டிய பழைய தொகுப்பைப் புதியது மறைத்துக்கொண்டது.

"மெஷின்ல கை வச்சீங்களா?"

"சேச்சே."

தொடமாட்டேன் என்று போன மாதம்தான் அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தான்.

இன்னும் சற்று நேரத்தில் அவளுக்கு இந்தக் கணினியிலேயே வேலைக்கான கடைசித் தேர்வு. இதற்கு முன் போன இடங்களிலெல்லாம் வாசலோடு அனுப்பிவிட்டார்கள்.

அவள் பதறவில்லை. குரலை மறுபடி தொடங்கும் கட்டளையைத் தட்டினாள்.

"ஸ்க்ரீன்ல என்ன வருது? ஒரு வரி விடாம வாசிங்க."

வாசித்தான். பிழை எந்தக் கோப்பில் என்று சொல்லும் வரி வந்தது. நேற்றுவரை அங்கே இல்லாத கோப்பு. அதைக் கேட்டால் அவளுக்கு எல்லாம் விளங்கிவிடும். அதை நீக்கினால் குரலும் வந்துவிடும்.

அவன் அந்த வரியை வாசிக்கவில்லை. அடுத்த வரிக்குத் தாவினான்.

அவள் எழுந்து போனால் தானே சரிசெய்துவிடலாம் என்று பார்த்தான். அவள் எழுவதாக இல்லை.

"எந்த ஃபைல்னு ஒரு வரி வந்திருக்கணுமே?"

"இல்ல பெனிட்டா. அவ்வளவுதான் இருக்கு."

பாவி, அப்போதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

அவள் விரல்கள் விசைப்பலகையிலிருந்து மடிக்கு இறங்கின. 

பிறகு தேர்வு நடத்துகிறவர்களைக் கைபேசியில் அழைத்தாள். கணினி பழுது, இன்று எழுத முடியாது என்றாள். பக்கத்தில் உதவிக்கு ஆள் இல்லையா என்று எதிர்முனையில் கேட்டது அவன் காதிலும் விழுந்தது.

அவன் அவளுடைய நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இல்ல மேடம்," என்றாள். "வாசிச்சுச் சொல்ல வீட்ல யாரும் இல்ல."