கையோரத்து மை

அருள்விழிக்கு இடது கைப் பழக்கம். எழுத எழுத உள்ளங்கை ஓரம் ஈர மையை இழுத்துக்கொண்டே போகும். அவள் எழுதிய தாள் எதுவும் சுத்தமாக இருந்ததில்லை. நீதிமன்றத் திரையில் காட்டப்பட்ட அவளுடைய மருத்துவ நுழைவுத்தேர்வு விடைத்தாளில் கையெழுத்து மட்டும்தான் தீற்றியிருந்தது. கீழே கறுத்த வட்டங்கள் எல்லாம் அச்சடித்தாற்போல் இருந்தன.

"கையெழுத்து என்னோடதுதாங்கய்யா. வட்டமெல்லாம் நான் போட்டதில்ல. அன்னிக்கு வெளிய வந்ததும் அப்பாதான் என் கையில இருந்த மையைக் கைக்குட்டையால துடைச்சு விட்டாங்க."

தேர்வு வாரியத்தின் வக்கீல் எழுந்தார். விசாரணைக்குப் போய்ப் புகார் பொய்யென்று முடிவானால் மனுதாரர் மூன்று வருடம் தேர்வே எழுத முடியாது என்றார்.

நீதிபதி, அவள் பக்கத்தில் நின்ற அப்பாவிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. கையில மை இருந்துச்சா?"

அப்பா திரையைப் பார்த்தார். மகளைப் பார்க்கவில்லை.

"கவனிக்கலைங்கய்யா."

விசாரிக்கப் போதிய சாட்சி இல்லையென்று, தடை எதுவும் விதிக்காமல் மனு தள்ளுபடியானது. வராந்தாவுக்கு வந்ததும் அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டியது. "அடுத்த வருஷம் எழுதிக்கலாம்மா" என்றபடி கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். எத்தனை முறை துவைத்தும் போகாத அந்தக் கறுப்புக் கறை அவர் நெற்றியில் ஏறி இறங்குவதைப் பார்த்தபடி நின்றாள் அருள்விழி.