சலூன்காரரின் சந்தேகம்

"யார்கிட்ட சொன்னே? எனக்கு எச்.ஐ.வி. இருக்குன்னு யார்கிட்ட சொன்னே?"

சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு வந்ததும் வராததுமாக, பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்ற கவனத்தோடுதான் கேட்டார் சலூன்காரர். மனைவி பதறிப்போய் ஜன்னலைச் சாத்தினாள். ஓடிவந்து அவர் வாயைப் பொத்தினாள். ஏதோ முனகினாள். பிறகு அழுதாள். தப்பு செய்தவள் அழத்தானே செய்வாள் என்று நினைத்துக்கொண்டார்.

ஆறு வருஷமாக அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த விஷயம் அது. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று நடுவில் மாத்திரையை நிறுத்தியது அவர் செய்த தப்பு. மூளைக்காய்ச்சல் வந்து மூன்று வாரம் நினைவில்லாமல் கிடந்தார். பிழைத்து வந்து பதினைந்து நாளாகிறது. நடையில் தள்ளாட்டம், தலைக்குள் ஓயாத இரைச்சல். அதெல்லாம் போகப்போகச் சரியாகிவிடும் என்றிருந்தார். மனிதர்கள் மாறிப்போனதுதான் புரியவில்லை.

கடையில் ஊர்க்கதை பேசித் தீர்ப்பவர்கள், இப்போது ஒருவர் காதை ஒருவர் கடித்துக்கொண்டார்கள். பாதி மீசையை எடுத்ததும் ஒருவர் முகம் சிவந்து எழுந்து போனார். இன்னொருவர் கண்ணாடியில் தலையைப் பார்த்துவிட்டுக் கிளம்பியவர், மறுபடி வரவே இல்லை. வீட்டிலோ மனைவியும் மகளும் குசுகுசுவென்று ஏதோ பேசினார்கள். பிளேடு பிடிக்கிற கையாயிற்றே, யார் உட்காருவார்கள்? விஷயம் வெளியே போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டார்.

மறுநாள் காலை ஒரு மணி நேரம் கடையில் ஈ ஓட்டினார். அப்புறம் தெருக்கோடி வீட்டு வாத்தியார் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, வாயசைத்து ஏதோ சொன்னார்.

"நீங்களுமா சார்? எதுவா இருந்தாலும் வாய்விட்டுச் சொல்லிடுங்க. என்னால தாங்க முடியல."

வாத்தியார் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். கடையில் கிடந்த பேப்பரின் ஓரத்தில் எழுதி நீட்டினார்.

'கத்தித்தான் சொன்னேன். உங்களுக்குத்தான் காது கேட்கவில்லை. சாயங்காலம் காது டாக்டரிடம் போகலாம், நானும் வருகிறேன். நேற்றுவரை இந்தத் தெருவில் யாருக்கும் எதுவும் தெரியாது. நீங்கள் மனைவியிடம் கேட்டது என் வீடுவரை கேட்டது.'

படித்து முடித்து நிமிர்ந்தபோது, வாத்தியார் ஷேவிங்குக்காகக் கழுத்தை நீட்டிக் கண்ணை மூடியிருந்தார்.