எண்பத்தாறு கிலோவுக்கு அடித்த காற்று

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. ஏறி ஓட்ட வேண்டியதைத் தள்ளிக்கொண்டு போன ஒருவரின் கதை சொல்கிறேன். சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம். அந்த மனிதரே தன்னைப் பார்த்துச் சிரிக்கிற ரகம்தான்.

மலை ஏறுவதற்கென்றே செய்த சைக்கிளை ஒரு சின்ன மேட்டில் மூச்சிரைக்கத் தள்ளிக்கொண்டிருந்தார் அவர். முன் சக்கரத்துக்கு ஒன்று, பின் சக்கரத்துக்கு ஒன்று என்று, குலுக்கலைத் தாங்க இரண்டு ஷாக் வைத்த சைக்கிள். அந்த விலைக்கு நல்ல மோட்டார் பைக்கே வாங்கிவிடலாம். பிடிக்காவிட்டால் முப்பது நாளுக்குள் திருப்பிக் கொடுங்கள், எவ்வளவு ஓட்டியிருந்தாலும் முழுப் பணமும் தருகிறோம் என்று கடையில் சொல்லியிருந்தார்கள். அன்று முப்பதாவது நாள். ஆறு மணிக்குக் கடை மூடிவிடும்.

வீடுகளைப் பார்த்து விலை மதிப்புச் சொல்வது அவர் தொழில். அடுத்தவர் சுவரைத் தட்டிப் பார்த்தே விலை சொல்லிவிடுவார். தன் சைக்கிள் கொடுத்த விலைக்குத் தகுமா என்று மட்டும் ஒரு மாதமாகியும் சொல்லத் தெரியவில்லை.

மனைவி விறுவிறுவென்று முன்னால் ஏறிப்போய், மேட்டு உச்சியில் காத்து நின்றாள். சமையலறையைப் புதுப்பிக்க வைத்திருந்த பணத்தில்தான் சைக்கிள் வந்தது. அன்றிலிருந்து அவள் கேலிக்குக் குறைவில்லை.

"துணி காயப்போட இவ்ளோ விலையில கம்பி வாங்கின ஒரே ஆள் நீங்கதான்."

அதில் பொய்யும் இல்லை. அவர் ஏறியதே இரண்டு தடவை. இரண்டு தடவையும் தெருமுனையோடு சரி. ஏறியபோதெல்லாம் சீட்டு தாழ்ந்து கிடந்து, முழங்கால் தொந்தியில் இடித்தது. விலை உயர்ந்த சைக்கிள், சும்மா நிற்கும்போது தானாகவே சீட்டை இறக்கிக்கொள்ளும் போலிருக்கிறது என்று ஆபீசில் பெருமையாக வேறு சொல்லிவைத்திருந்தார்.

கடை வாசலிலேயே மனைவி நின்றுவிட்டாள். முகம் வாடியிருந்தது. தனக்காகத்தான் வருத்தப்படுகிறாள் என்று அவருக்கு நெஞ்சு நெகிழ்ந்தது.

உள்ளே முதலாளி திருப்பிக் கொடுக்கும் படிவத்தை நீட்டினார். மெக்கானிக் பெண் குனிந்து டயரில் கட்டைவிரலை ஓட்டினாள்.

"நல்லா ஓட்டியிருக்கீங்க சார். தினமும் மலைப்பாதையில போனாத்தான் டயர் இப்படித் தேயும். இவ்ளோ ஓட்டிட்டு ஏன் திருப்பித் தர்றீங்க?"

அவருக்குச் சுருக்கென்றது. தெருமுனையைத் தாண்டாத சைக்கிளில் தேய்மானம் எப்படி வரும், யாரோ ஓட்டிக் கழித்ததைத் தன் தலையில் கட்டிவிட்டீர்களா என்று தொழில்முறைக் கோபத்தோடு கேட்டார்.

அவள் பின் ஷாக்கை அமுக்கிப் பார்த்தாள். ஓட்டுகிறவரின் எடைக்குத் தக்கபடி அதில் காற்று அடிப்பது வழக்கம்.

"நீங்க எத்தனை கிலோ சார்?"

"எண்பத்தாறு. அதுவும் வெறும் வயித்துல."

"இதுல காத்து அம்பத்தஞ்சு கிலோவுக்குத்தானே இருக்கு?"

"அதத்தாம்மா நானும் சொல்றேன். இது வேற யாரோ ஓட்டின சைக்கிள்."

அவள் சர்வீஸ் நோட்டைப் புரட்டிக் காட்டினாள். வாங்கிய அன்று எண்பத்தாறு கிலோவுக்குக் காற்று அடித்ததாக எழுதி, கீழே அவரே கையெழுத்துப் போட்டிருந்தார். அதற்கடுத்த வரி பன்னிரண்டு நாளைக்கு முந்தையது. அதே சைக்கிள், காற்றைக் குறைத்து, ஐம்பத்தைந்து கிலோவுக்கு.

அவர் பேனாவும் கையுமாக அப்படியே நின்றார். அன்றைக்கு இதைக் கொண்டுவந்தது யார் என்று கேட்டார். மெக்கானிக் பெண் அவர் தோளுக்கு மேலாக வாசலைப் பார்த்தாள்.

வாசலில் நின்றவள் மெதுவாக உள்ளே வந்தாள். ஒரு மாதமாக வாய் ஓயாமல் கேலி செய்தவள், இப்போது தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"இதைக் குடுத்துட்டா, நாளைக்கு விடியக்காலைல நான் எதுல போறது?"

உங்கள் வீட்டிலும் விடியலில் யார் கிளம்பினாலும் கதவு சத்தமில்லாமல் திறக்கட்டும். போனவர் சிரித்த முகத்தோடு திரும்பட்டும்.