கனவுக் கடலுக்கு வந்த ஒரே கடிதம்

அவள் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றியதும் கனவுக் கடல் தன் நாற்காலியை அரையடி பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

பேனா அவருக்குப் புதிதல்ல. வார இதழில் அவர் எழுதும் ‘கனவு சொல்லும் சேதி’ பகுதிக்கு நாலு வருடமாகப் பிழை பார்ப்பவள் அவள்தான். இன்னும் மூன்று வாரத்தில் அவர் கட்டிக்கொள்ளப் போவதும் அவளைத்தான்.

மேஜையில் இரண்டு தாள்கள் கிடந்தன. ஒன்று, இந்த வாரப் பகுதி. இன்னொன்று, அவர்களுடைய கல்யாண அழைப்பிதழ். அதற்கும் அவளே ப்ரூஃப் பார்த்து முடித்துவிட்டாள். அவர் ஒரு கையெழுத்துப் போட்டால் நான்கு மணிக்கு இரண்டும் ஒன்றாக அச்சகத்துக்குப் போய்விடும்.

பத்து நாளாக அந்தக் கையெழுத்துதான் விழவில்லை. எழுத்து மெலிந்திருக்கிறது என்றார். காகிதம் தடித்திருக்கிறது என்றார். நேற்று, ஓரத்தில் இருந்த பூ தன்னை முறைப்பதாகச் சொன்னார்.

‘கனவுக் கடல்’ என்பது அவர் தனக்குத்தானே வழங்கிக்கொண்ட பட்டம். அலுவலகத்தில் சுருக்கமாகக் ‘கடல்’. “கடல் டீ குடிக்கப் போயிருக்கு” என்பார்கள்.

ஊர் உலகத்தின் கனவுகளையெல்லாம் புட்டுப் புட்டு வைக்கும் கடலுக்கு, ‘பயமாக இருக்கிறது, கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடலாமா?’ என்று அவளிடம் நேருக்கு நேர் கேட்க மட்டும் நாக்கு எழவில்லை. அதனால் குறுக்கு வழியில் இறங்கினார். ஒரு வாசகர் கடிதம்.

இதில் ஒரு தொழில் ரகசியம் உண்டு. அந்தப் பகுதிக்குக் கடிதமே வருவதில்லை. நாலு வருடமாகக் கேள்வியும் அவரே, பதிலும் அவரே. போன மாதம்தான் முதன்முதலாக ஒரு நிஜக் கடிதம் வந்தது. ஒரு பெண் எழுதியிருந்தாள், பெயர் போடவில்லை. கடல் அதைத் தூக்கிக்கொண்டு மேஜை மேஜையாகப் போனார். வாட்ச்மேனுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினார்.

இந்த வாரக் கடிதம் வழக்கம்போல் சொந்தத் தயாரிப்பு.

‘ஐயா, எனக்குத் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. தினமும் விடியற்காலையில் ஒரு கனவு. மணமேடைக்கு மணப்பெண் வாளோடு வருகிறாள். முதலில் என் மீசையை நீக்குகிறாள். பிறகு தொப்பையை. பிறகு நான் பேசிக்கொண்டிருக்கும் வாக்கியத்தை. கடைசியில் என்னில் ஒரு கமா மட்டும் மிஞ்சுகிறது. அதையும் உற்றுப் பார்க்கிறாள்.’

பதில்: ‘அன்பரே! வாள் என்பது ஆழ்மன அச்சத்தின் ஆதிக் குறியீடு. தங்களைப் போன்ற நுண்ணுணர்வு படைத்தோர் திருமணத்தை ஆறு மாதம் தள்ளிப் போடுவதே சாலச் சிறந்தது.’

அவள் படித்தாள். கடல் ஜன்னலைப் பார்க்கிற பாவனையில் அவள் முகத்தைப் பார்த்தார்.

பேனா ‘வாள்’ என்ற இடத்தில் நின்றது. அதை அடித்துவிட்டு, ஓரத்தில் ‘சிவப்புப் பேனா’ என்று எழுதினாள்.

“வாளை வச்சு யாராவது கமாவை எடுப்பாங்களா சார்?”

கடலுக்குக் காதுமடல் வரை வியர்த்தது. “வாசகர் எழுதினதும்மா. நாம கை வைக்கலாமா?”

“சரி சார். போன மாசம் ஒரு பொண்ணு எழுதினப்ப, உடனே கட்டிக்கோன்னு அடிச்சு சொன்னீங்க. இந்த ஆளுக்கு மட்டும் எதுக்கு ஆறு மாசம்?”

நிஜக் கடிதத்தின் பேச்சை எடுத்ததும் கடலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்தப் பெண்ணின் கனவு அவருக்கு மனப்பாடம். மண்டபத்தில் மாப்பிள்ளை நன்றி சொல்ல மைக்கைப் பிடிக்கிறான். பிடித்தவன் விடவே இல்லை. விருந்தினர் ஒவ்வொருவராக நழுவுகிறார்கள். நாற்காலிகளை மடக்கி அடுக்குகிறார்கள். விளக்கையும் அணைத்துவிடுகிறார்கள். இருட்டில் அவள் மட்டும் தனியாக உட்கார்ந்திருக்க, அவன் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறான்.

“அது வேற கேஸும்மா! அது வெறும் பிரமை. அப்படி ஒரு அறுவை ஆளு இந்த உலகத்துலயே இருக்க முடியாதுன்னு நான் எவ்வளவு விலாவாரியா எழுதியிருந்தேன்! அதாவது, கனவுங்கறது மூணு வகை. முதல் வகையில பாத்தீங்கன்னா, உள்ளேயே நாலு பிரிவு…”

“அதை நம்பித்தான் சார் நம்ம இன்விடேஷனுக்கு ப்ரூஃப் பாத்தேன்.”

கடல் பாதியில் நின்றது.

நாலு பிரிவும் நின்றன. ஒரு நிமிடம் போனது. இன்னொரு நிமிடமும் போனது. அவர் வாயிலிருந்து ஒரு எழுத்துகூட வெளியே வரவில்லை.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு குபுக்கென்று சிரித்தாள். பக்கத்து மேஜைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அடக்க முடியாமல் தலையை மேஜையில் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். கடலின் தொப்பை மெல்லக் குலுங்க ஆரம்பித்தது. ஆக, இவளும் பயந்திருக்கிறாள். பயந்து, இந்தப் பூமியில் வேறு ஆளே கிடைக்காததுபோல் அவரிடமே வந்து கேட்டிருக்கிறாள்.

நாலு வருடத்தில் அவரை நம்பிய ஒரே வாசகி.

அவள் மேஜையில் வைத்திருந்த சிவப்புப் பேனாவை அவர் எடுத்தார். ஆறு மாதத்தை ஒரே கோட்டில் அடித்தார். அழைப்பிதழில் கையெழுத்துப் போட்டார். பூவின் மேலேயே போட்டார்.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “அதாவது இந்தக் கையெழுத்தோட தாத்பரியம் என்னன்னா…” என்று தொடங்கினார்.

அவள் பேனாவுக்காகக் கையை நீட்டினாள்.

கடல் வாயை மூடிக்கொண்டு, அதைத் தந்துவிட்டது.