தீபத்துக்குப் பாயசம்

“பாயசம் வேணாங்க்கா. மாடி ஏத்தறதுக்குள்ள சிந்திடும். அப்பமோ பொரி உருண்டையோ பிளாஸ்டிக் டப்பாவுல கொண்டாங்க” என்றாள் எதிர்வீட்டு ரேவதி.

மலையில் தீபம் ஏற்றியதும் வேங்கிக்கால் குடியிருப்பின் மொட்டை மாடியில் எல்லோரும் கூடிச் சாப்பிட ஏற்பாடு. வீட்டுக்கு ஒரு பண்டம்.

“பாயசந்தான்” என்றாள் சரோஜா. பிடிவாதக்காரி என்று ஏற்கெனவே பெயர்.

எவர்சில்வர் தூக்கு நிறையக் கொண்டுபோனாள். பாதி மீந்தது.

“ரேவதி, மிச்சத்த நீயே எடுத்துக்கோ. தூக்க நாளைக்குக் கொண்டாந்து குடு.”

“இப்பவே வேற பாத்திரத்துல ஊத்திக்கிறேங்க்கா.”

“என்ன அவசரம்? நாளைக்கு வாம்மா.”

மறுநாள் காலையிலேயே வீட்டைப் பெருக்கினாள். துணிகள் குவிந்துகிடந்த இன்னொரு நாற்காலியைக் காலி செய்து துடைத்தாள். இரண்டு பேருக்குக் காப்பி கலந்தாள். பிளாஸ்டிக் டப்பா என்றால் திருப்பிக் கொடுக்க யார் வரப்போகிறார்கள்?

மணி அடித்தது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

வாசலில் தூக்கு மட்டும் இருந்தது. பளிச்சென்று கழுவி, வெறும் பாத்திரமாகத் தரக்கூடாதென்று உள்ளே ஒரு பிடி சர்க்கரையும் போட்டிருந்தாள் ரேவதி.

எதிர்வீட்டுக் கதவு அதற்குள் சாத்தியிருந்தது.